சர்க்கரை கசிந்த கதை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் செய்யும் குழுக்களின் அனுபவப் பகிர்வில் பேசியது)



எங்கள் குழுவின் ஜெல்லி மிட்டாய் பற்றிப் பேசச் சொன்னாங்க. வியாபாரம் நல்லா போகுதே, அதைச் சொல்லுங்கன்னாங்க. நான் அது நல்லா போகாத கதையைத்தான் முதலில் சொல்லப் போறேன். ஜெயித்த கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தோற்ற கதையில் என் தப்பும் இருக்கு, அதனால் அதை நான்தான் சொல்லணும்.

நம்ம பக்கம் உங்களுக்கே தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து வல்லம், ஒரகடம் வரைக்கும் கம்பெனி. கம்பெனியைச் சுற்றி ஹாஸ்டல். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தங்கும் கட்டடத்தில் மட்டுமே 18,720 படுக்கைகள். தூத்துக்குடி, திருநெல்வேலி, விழுப்புரம், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைங்க. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கும்போது வாயில் போட ஒரு இனிப்பு தேடுறாங்க. அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஐந்து பேர் கொய்யா ஜெல்லி மிட்டாய் போட ஆரம்பித்தோம்.

கடையில் விற்கிற மெத்து மெத்து மிட்டாய் பலதில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டின், பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. வாங்குகிற பிள்ளைங்க "சைவமா அக்கா?" என்று முதலில் கேட்பாங்க. அதனால் நாங்கள் கடல்பாசி போட்டோம். ரம்ஜான் மாசத்தில் பாய் வீடுகளில் செய்வாங்களே, அதே கடல்பாசி. ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்றை எடுத்து வருவாங்க. அந்த மாதிரிப் பாசியைக் காய்ச்சி எடுப்பதுதான் இந்தக் கடல்பாசி.

மிட்டாய்த் துண்டுகளைச் சர்க்கரையில் புரட்டி எடுத்தால் கண்ணுக்கு அழகு, கையிலும் ஒட்டாது. எங்களுக்கு ஆபத்து வந்ததும் அந்தச் சர்க்கரையில்தான்.

2024 தீபாவளிக்கு ஒரு கடையிலிருந்து 300 பாக்கெட் ஆர்டர் வந்தது. ஒரு பாக்கெட் 100 கிராம், 35 ரூபாய். குழுச் சேமிப்பிலிருந்து 8,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். சர்க்கரை, கொய்யா, கடல்பாசி, கவர் எல்லாம் வாங்கினோம். நாலு நாள் வேலை. அந்த நாலு நாளில் அக்டோபர் 15, 16-ம் வந்தது. நம் மாவட்டத்துக்கே சிவப்பு எச்சரிக்கை கொடுத்த மழை அது, யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

சர்க்கரை புரட்டும் வேலையை எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டில் வைத்தோம். எங்களில் அவங்க வீடுதான் ஒழுகாத மாடி வீடு. அந்த அக்கா சின்ன வயசிலேயே கணவரை இழந்தவங்க. பேரைச் சொல்லலை, அவங்க இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.

பாக்கெட் கொடுத்து நாலாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், ஒரு பாக்கெட்டில்கூடச் சர்க்கரை இல்லை. எல்லாம் பாகாகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கவர் உள்ளே நீர் கோத்து நிற்குது. முந்நூறு பாக்கெட்டும் ஆட்டோவில் திரும்பி வந்தது.

தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமைக் கூட்டம். வழக்கம்போல் சந்தா வாங்கினோம், நோட்டு எழுதினோம். யாரும் வாயைத் திறக்கலை. கடைசியில் ஒருத்தங்க மெதுவா சொன்னாங்க: "எல்லாம் கைராசிதான். யார் கை பட்டுச்சோ." அவ்வளவுதான். பேர் சொல்லலை. ஆனா எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போச்சு.

அந்த அக்கா எதுவும் பேசலை. பையிலிருந்து பாஸ் புக்கை எடுத்துப் பாயில் வைத்தாங்க. "என் சேமிப்பை நஷ்டத்துல கழிச்சுக்கோங்க, என்னைக் குழுவை விட்டு எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிட்டாங்க. பதினோரு வருஷம் ஒரு சந்தாகூடத் தவறாதவங்க.

நான் அந்தக் குழுவின் ஊக்குநர். அந்த நேரத்தில் நான் பேசியிருக்கணும். பேசலை. ஏன் பேசலை என்பதைக் கடைசியில் சொல்றேன்.

அன்று ராத்திரி அந்த அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"சித்தி, எங்க கம்பெனில சில பொருள் வர்ற கவர்ல ஈரம் இழுக்கிற சின்னப் பை ஒண்ணு இருக்கும். கூடவே புள்ளி வச்ச ஒரு அட்டையும் இருக்கும். கவருக்குள்ள ஈரம் ஏறினா அந்தப் புள்ளி நிறம் மாறிடும். பொருள் ஈரமாச்சுன்னா, யார் தொட்டாங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். ஈரம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் கேப்போம். நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவே இல்லை.

அவள் சொன்னபடி ஒரு சோதனை செய்தோம். சர்க்கரை புரட்டாத துண்டுகள் ஒரு டப்பாவில் மீந்திருந்தது. அதில் பாதியைத் தனியாக எடுத்து, வலைத் தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே மேலும் இரண்டு நாள் காய வைத்தோம். தீபாவளிக்கு மறுநாள் மூன்று கண்ணாடி பாட்டிலும் ஒரு கிண்ணமும் எடுத்து, எண் எழுதி ஒட்டினோம்.

ஒன்றாம் பாட்டிலில் வெறும் சர்க்கரை, மூடி இறுக்கியது. இரண்டாவது கிண்ணம், அதிலும் வெறும் சர்க்கரை, திறந்தபடி. மூன்றாம் பாட்டிலில் காயாத பழைய துண்டுகள், சர்க்கரை புரட்டி மூடியது. அதைப் புரட்டியது நான். நாலாம் பாட்டிலில் இரண்டு நாள் கூடுதலாகக் காய்ந்த துண்டுகள், புரட்டி மூடியது. அதைப் புரட்டியது அந்த அக்கா. வர மாட்டேன் என்றவங்களை மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலையும் பாயின் நடுவில் வைத்தோம். ஒன்றாம் பாட்டில் சர்க்கரை பொலபொலவென்று இருந்தது. திறந்த கிண்ணத்துச் சர்க்கரை கட்டி தட்டிப் போயிருந்தது. மூன்றாவது, நான் புரட்டியது, ஒரே பாகு. நாலாவது, அக்கா புரட்டியது, புரட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

யாரும் பேசலை. கைராசி என்று சொன்னவங்களே எழுந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாங்க. அக்கா உடனே சிரிச்சிடலை. ஆனா பாஸ் புக்கைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

இப்போ அந்தப் பாட்டில்கள் என்ன சொல்லுதுன்னு பாருங்க. சர்க்கரைக்கு ஈரம் இரண்டு வழியில் வரும். ஒன்று வெளிக்காற்றிலிருந்து. திறந்த கிண்ணம் அதைக் காட்டியது. இன்னொன்று மிட்டாயின் உள்ளேயிருந்து. மூன்றாம் பாட்டில் அதைக் காட்டியது. மூடி இறுக்கின பாட்டிலுக்குள் மழை எப்படி வரும்? மிட்டாய்க்குள் இருந்த தண்ணீர்தான் வெளியே வந்து சர்க்கரையைக் கரைத்தது. கடல்பாசிக்கு அந்தக் குணம் உண்டு. உறைந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கக்கும். உள்ளே தண்ணீர் அதிகமாக இருந்தால் அதிகமாகவே கக்கும்.

அதுக்கப்புறம் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்றேன். எழுத நினைக்கிறவங்க எழுதிக்கோங்க.

முதலில் காய்ச்சுவது. ஒரு கிலோ சர்க்கரைக்கு 250 கிராம் குளுக்கோஸ் பாகு, வடிகட்டிய கொய்யாச் சாறு அரை கிலோ, கடல்பாசித் தூள் 20 கிராம், தண்ணீர் முக்கால் லிட்டர். கடல்பாசியை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்க வைத்து, முழுசாகக் கரைந்த பிறகுதான் சர்க்கரை போடணும். சர்க்கரைப் பாகில் நேராகப் போட்டால் அது சரியாகக் கரையாது. எல்லாம் சேர்த்து அடுப்பில் ஏறும்போது ஏறக்குறைய 2,500 கிராம் இருக்கும். இறக்கும்போது 1,650 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, தராசு மேல் பலகை போட்டு, பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்துப் பாருங்க. கொதிக்கிற பாகு, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க. தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 105, 106 டிகிரி. நம்ம பாஷையில் கம்பிப் பதம் வரணும்.

இரண்டாவது, புளிப்பு. சிட்ரிக் ஆசிட்டைக் கொதிக்கும்போது போடாதீங்க. இறக்கின பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துச் சேருங்க. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடல்பாசியின் பிடிப்பு குறையும். சர்க்கரையும் உடைந்து, ஈரத்தை இழுக்கிற சர்க்கரையாக மாறிடும். மழைக்காலத்தில் வெல்லம் கசியும், கல்கண்டு கசியாது. ஏன்? வெல்லத்தில் அந்த உடைந்த சர்க்கரை இருக்கு, கல்கண்டில் இல்லை. அதே காரணத்துக்காக மேல்பூச்சுக்கு நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று ஒருமுறை போட்டுப் பார்த்தோம், மறுநாளே ஒட்டிக்கிச்சு.

மூன்றாவது, காய வைப்பது. உறைந்ததும் துண்டு போட்டு, வலைத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பணும். நல்ல நாளில் 24 மணி நேரம், மழை நாளில் 48 மணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடணும். வெயிலில் திறந்து வைக்காதீங்க. நம்ம ரோட்டில் லாரி கிளப்புகிற புழுதி முழுக்க அதில்தான் உட்காரும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் அடையாளம்.

நாலாவது, புரட்டுவது. பொடித்த சர்க்கரையைவிடக் கொஞ்சம் பரும்பரும்பாக இருக்கிற சர்க்கரை நல்லது. மாவுச் சர்க்கரை சீக்கிரம் ஈரம் பிடித்துக் காணாமல் போயிடும். சோள மாவு கலந்தால் சரியாகும் என்பாங்க. ஒருநாள் மறைக்கும், காயாத மிட்டாயைக் காய்ந்ததாக ஆக்காது. துண்டு நன்றாகக் காய்ந்திருந்தால் சர்க்கரை ஒட்டாதே என்று கேட்பீங்க. கொதிக்கிற தண்ணீர் ஆவியில் ஒரு நொடி காட்டி எடுத்து உடனே புரட்டுங்க. அதுக்கப்புறம் மறுபடி நாலு மணி நேரம் காய விடணும். நாங்கள் காலை பதினோரு மணியிலிருந்து நாலு மணிக்குள்தான் புரட்டுறோம். அதிகாலையிலும் ராத்திரியிலும் நம்ம பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கோம். 70-க்கு மேல் காட்டினால் அன்று புரட்டுவதில்லை. சுத்தமான சர்க்கரை 85 வரைக்கும் தாங்கும். ஆனா சிட்ரிக் ஆசிட் கலந்து புளிப்புச் சர்க்கரையாகப் புரட்டினால் அதுக்கு வெகு முன்னாடியே கசிய ஆரம்பிக்கும். அதனால் மழைக்காலத்தில் புளிப்புப் பூச்சை நிறுத்தி வச்சிருக்கோம்.

ஐந்தாவது, கட்டுவது. சூடு துளியும் இருக்கக் கூடாது. வெதுவெதுப்போடு மூடினால் கவர் உள்ளே வியர்க்கும். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீங்க. வெளியே எடுத்த உடனே குளிர்ந்த மிட்டாய் மேல் காற்றின் ஈரம் வந்து உட்காரும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்க்கிற மாதிரி. மெல்லிய கவர் வேண்டாம், கனமான கவர் வாங்கி ஓரத்தைச் சூடு வைத்து ஒட்டுங்க. ஈரம் இழுக்கிற பை போடுவதாக இருந்தால், உணவுக்கு உகந்தது என்று அச்சடித்த வெள்ளை நிறப் பையை மட்டும் கடையில் வாங்குங்க. கம்பெனியில் கிடக்கிற பையை எடுத்து வந்து போடாதீங்க. நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், சாப்பாட்டுப் பொருளோடு அது சேரவே கூடாது. அந்தப் பையும் காயாத மிட்டாய்க்கு மருந்து இல்லை. அது இழுக்கிற ஈரத்துக்கு ஒரு அளவு இருக்கு.

இப்போ எங்கள் மிட்டாய் மூன்று வாரம் காய்ந்தே நிக்குது. ஹாஸ்டல் வாசல் கடைகளில் வாரா வாரம் போடுறோம். அந்த 8,000 ரூபாய் உள்கடனை ஏழு மாசத்தில் அடைத்துவிட்டோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, செய்த தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் கவரில் அச்சடிச்சிருக்கோம்.

இப்போ, அன்று நான் ஏன் பேசலை என்பதைச் சொல்லிடறேன்.

அந்த நாலு நாளும் காய்ச்சுகிற வேலை என்னுடையது. கேஸ் தீரப் போகுது என்று நினைத்து அடுப்பைச் சீக்கிரம் அணைத்தேன். அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் எனக்கு மட்டும் தெரியும். ஒரு கிலோ சர்க்கரைக் கணக்கில் 1,650 கிராமில் இறக்காமல் 1,850-ல் இறக்கினால் 200 கிராம் கூடுது. அந்த 200 கிராம் வெறும் தண்ணீர், ஒரு டம்ளர். எடைக்கு வருதே, நாலு பாக்கெட் கூடுதலாகக் கட்டலாமே என்று நினைத்தேன். காய வைப்பதையும் ஒரே ராத்திரியோடு முடிக்கச் சொன்னது நான்தான். அந்த டம்ளர் தண்ணீர்தான் முந்நூறு பாக்கெட்டையும் கரைத்தது. கூட்டத்தில் எல்லார் கண்ணும் அக்கா பக்கம் போனபோது, என் பக்கம் வரலையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதனால்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

பாட்டில் சோதனை அன்றே இதைக் குழுவில் சொல்லி, தீர்மான நோட்டில் எழுத வைத்தேன். நஷ்டத்தில் பாதியை நான் ஏத்துக்கிட்டேன். அக்காவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க சொன்னது: "நீ எல்லார் முன்னாடியும் சும்மா இருந்த. எல்லார் முன்னாடியும் சொல்லு." அதனால்தான் இன்றைக்கு இந்த மேடையில் சொல்றேன்.

நம் கூட்டமைப்பில் ஊறுகாய் போடுறவங்க இருக்கீங்க, அப்பளம் போடுறவங்க, மசாலா அரைக்கிறவங்க இருக்கீங்க. ஊறுகாய் பூசணம் பூத்தாலும் அப்பளம் சிவந்தாலும் நம்ம வாயில் முதலில் வருகிற வார்த்தை கைராசி. அதுவும் கணவர் இல்லாதவங்க, பிள்ளை இல்லாதவங்க இருந்தால் அவங்க மேல்தான் போய் விழும். அந்த வார்த்தை ஒரு பெண்ணைக் குழுவை விட்டே வெளியே தள்ளும், நான் கண்ணால் பார்த்தேன். பொருள் கெட்டால் இனிமேல் முதலில் ஒரு பாட்டில் எடுங்க. எண் ஒட்டுங்க. நாலு நாள் காத்திருங்க. அதுக்கப்புறம் பேசுங்க.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். மழைக்காலம் முழுக்க ஃபேனை நம்பிக் காய வைப்பது கஷ்டம். பொதுவாக ஒரு மின் உலர்த்தி இருந்தால் எங்களுக்கும், வத்தல், அப்பளம் போடுகிற குழுக்களுக்கும் உதவும். கடல்பாசி மிட்டாய் 45, 50 டிகிரியில் உருகாது, அதனால் பயமில்லை. ஜெலட்டின் போட்டதை மட்டும் அதில் வைக்க முடியாது, உருகிடும். 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில், குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் கூட்டமைப்பு வழியாகக் கொடுக்க வழி வைத்திருந்தாங்க. அது இப்போது எந்த நிலையில் இருக்கு என்று வட்டார அலுவலகத்தில் கேட்டு, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கணும் என்று கேட்டுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் இப்போது ஒரு தனி நோட்டு இருக்கு. அதில் ஒவ்வொரு ஈடுக்கும் இறக்கும்போது எடை எவ்வளவு, எத்தனை மணி நேரம் காய்ந்தது, புரட்டும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதுவோம். அதில் கையெழுத்து விழாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. அந்தக் கையெழுத்துப் போடுவது அந்த அக்காதான். என் ஈட்டைத் திருப்பி அனுப்பின நாளும் உண்டு. "இன்னும் காயலை, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்வாங்க. எடுத்துக்கிட்டுப் போவேன்.